வைத்தியசாலைக்கு முந்திய வைத்தியம்

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் முதுமொழி. அடுக்களையிலும் வயலிலும் கடையிலும் அதன் உண்மையை ஒப்புக்கொள்கின்ற நாம், ஒருவர் அடிபட்டு விழுந்து கிடக்கும் இடத்தில் மட்டும் அதனை மறந்துவிடுகிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அம்புலன்ஸ் வண்டியில் வந்து இறங்கும் அவசர மருத்துவப் பணியாளரின் தொழில். நான் வைத்தியன் அல்லன், கலைப் பட்டதாரி, அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபர். இப்பொருளைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே. அத்தொழிலின் நுட்பத்தை அறியாத காலத்தில், நல்ல எண்ணத்துடன் ஒரு பெரும் பிழையைச் செய்தவர்களுள் நானும் ஒருவன்.

2003ஆம் ஆண்டில் கிராமப்புறப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியனாயிருந்தேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள், தோரணம் கட்டுவதற்காக வேப்பமரத்தில் ஏறிய பதினாறு வயது மாணவன் ஒருவன், கிளை முறிந்து நிலத்தில் விழுந்தான். ஓடிச் சென்று பார்த்தோம். நினைவு தப்பவில்லை. "முதுகு நோகுது, சேர், காலும் நோகுது" என்றான். கால் நோகிறது என்று அந்நிலையில் ஒருவன் சொல்வது நல்ல செய்தி என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. நால்வர் சேர்ந்து அவனைக் கையிலும் காலிலும் பற்றித் தூக்கினோம். வீதியில் வந்த வான் ஒன்றை மறித்து, பின்னிருக்கையில் அவனை மடக்கி இருத்தினோம். குழி மேடு பாராமல் ஓடும்படி சாரதியை அவசரப்படுத்தினோம். பாதி வழியில் அவன், "இப்ப கால் நோகேல்லை, சேர்" என்றான். வலி தணிந்துவிட்டது என்று எண்ணி நான் மகிழ்ந்தேன்.

இருபது நிமிடத்தில் வைத்தியசாலையை அடைந்தோம். அங்கிருந்த வைத்தியர் அவனுடைய பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்படித் தூக்கினீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "விழுந்ததினால் நேர்ந்தது எவ்வளவு, தூக்கியதினால் நேர்ந்தது எவ்வளவு என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது" என்றார். அவர் என்னைக் குறை கூறவில்லை. அம்மாணவன் அதன் பின்னர் எழுந்து நடக்கவில்லை.

முதுகெலும்பு முறிந்த ஒருவரை மடக்கித் தூக்கும்போது, முறிந்த துண்டு இடம் பெயர்ந்து உள்ளே செல்லும் முண்ணாணை நசுக்கக்கூடும். முண்ணாண் ஒருமுறை சிதைந்தால் அதனை முன்போல ஆக்கும் வழி இன்றுவரை இல்லை. நாம் செய்த உதவியில் விரைவு இருந்தது, அன்பும் இருந்தது. அறிவு ஒன்றே இருக்கவில்லை.

அப்பிழை எங்கள் நால்வருடையது மட்டுமன்று. உலகம் நெடுங்காலம் செய்துவந்த பிழையும் அதுவே. நோயாளி ஒருவர் விழுந்த இடத்துக்கும் வைத்தியசாலை வாசலுக்கும் இடைப்பட்ட நேரத்தை, மக்கள் வெறும் பயண நேரமாகவே கருதினர். நம் நாட்டில் அம்புலன்ஸ் வண்டிக்கு வழங்கும் தமிழ்ப் பெயரைப் பாருங்கள்: நோயாளர் காவு வண்டி. காவுதல் என்றால் சுமத்தல். காவடி என்னும் சொல்லிலும் அதே காவுதல்தான் இருக்கிறது. சுமந்து செல்வது ஒன்றே அவ்வண்டியின் வேலை என்ற பழைய எண்ணத்தை அப்பெயர் இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது.

சுமப்பதற்கென்று ஒரு வண்டி உண்டானதே ஒரு காலத்தில் பெரும் முன்னேற்றம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சுப் படையின் சத்திரவைத்தியராயிருந்த டொமினிக் ஜான் லாரே என்பவர், காயமுற்ற வீரர்கள் போர் முடியும்வரை களத்திலேயே கிடந்து மடிவதைக் கண்டார். மருத்துவ வண்டிகள் களத்துக்குப் பல கல் தொலைவில் நிற்கவேண்டும் என்பது அன்றைய படைவிதி. 1792ஆம் ஆண்டளவில் அவர், குதிரைகள் இழுக்கும் இலேசான வண்டிகளைப் போர் நடக்கும்போதே களத்துக்குள் அனுப்பும் முறையை வகுத்தார். அவற்றுக்குப் 'பறக்கும் அம்புலன்ஸ்' என்று பெயர் வந்தது. படையில் வகிக்கும் பதவியைப் பாராமல், காயத்தின் கடுமையைப் பார்த்தே யாருக்கு முதலில் வைத்தியம் செய்வது என்று தீர்மானிக்கவேண்டும் என்பதும் அவர் வகுத்த நெறியே.

ஆயினும், அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும், செல்வம் மிகுந்த நாடுகளிற்கூட, வண்டியில் வருபவர் என்ன கற்றிருக்கவேண்டும் என்று கேட்டவர் சிலரே. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, அந்நாட்டு அம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறையப் பாதியை ஈமக்கிரியை நடத்தும் நிறுவனங்களே நடத்திவந்தன என்று கூறிற்று. காரணம் எளியது. ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்லக்கூடிய நீண்ட வண்டி அவர்களிடமே இருந்தது. பிணத்தைச் சுமந்த வண்டியே உயிருள்ளவரையும் சுமந்தது. இரண்டிலும் வண்டியோட்டி செய்த வேலையும் ஒன்றாகவே இருந்தது.

அந்த ஆண்டுகளிலேயே மாற்றமும் தொடங்கிற்று. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத்து ஆராய்ச்சியாளர் மூவர், நின்றுபோன இதயத்தின் வேலையை மார்பை வெளியிலிருந்து கைகளால் அழுத்துவதனாலேயே ஓரளவு நடத்தலாம் என்று எடுத்துக்காட்டினர். அதுவரை மார்பைக் கிழித்தே இதயத்தைப் பிசைந்துவந்தனர். கத்தியில்லாமல், வைத்தியனல்லாத ஒருவன், வீதியோரத்தில் முழந்தாளிட்டுச் செய்யக்கூடிய ஒரு சிகிச்சை அன்று பிறந்தது. 1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் பிராங் பான்றிட்ஜ் என்னும் இதய வைத்தியர், மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை ஒழுங்குபடுத்தும் கருவியை மோட்டார் வண்டி மின்கலங்களில் இயங்கச் செய்து, அதனை அம்புலன்ஸ் வண்டியில் ஏற்றி நோயாளியின் வீட்டு வாசலுக்கே அனுப்பினார். அக்கருவியின் நிறை ஏறக்குறைய 70 கிலோகிராம். வைத்தியசாலையே நோயாளியைத் தேடிப் புறப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

இவற்றிலும் என் மனத்தைத் தொட்டது பிற்ஸ்பேர்க் நகரத்து வரலாறு. அங்கே பீற்றர் சபார் என்னும் வைத்தியர் இருந்தார்; மயக்கமருந்துத் துறையில் வல்லவர்; வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டியவர்களுள் ஒருவர். 1966ஆம் ஆண்டில் அவருடைய சிறு மகள் ஆஸ்த்துமா நோயினால் இறந்தாள். அதற்கு அடுத்த ஆண்டு அவர், 'பிறீடம் ஹவுஸ்' என்னும் அமைப்போடு சேர்ந்து, அந்நகரின் வறிய பகுதியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்களைத் திரட்டி ஏறக்குறைய 300 மணி நேரப் பயிற்சி அளிக்கலானார். அவர்களிற் சிலர் உயர்தரப் பாடசாலைக் கல்வியையே முடிக்காதவர்கள். வேலை கிடையாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களே மூச்சுக்குழாய் செலுத்தவும் இதயத்தை இயக்கவும் கற்று, அந்நாட்டின் முன்னோடி அவசர மருத்துவப் பணியாளராயினர். அச்சேவை 1975ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆனால் அங்கு உருவான பாடத்திட்டம் பின்னர் அந்நாடு முழுவதற்கும் முன்மாதிரியாயிற்று. பாடசாலை கைவிட்ட பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களாகிய நாம் தீர்ப்புக் கூறுமுன் இவ்வரலாற்றை ஒருமுறை நினைத்துக்கொள்வது நன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் அரசாங்க வைத்தியசாலைகளில் அம்புலன்ஸ் வண்டிகள் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஒரு வைத்தியசாலையிலிருந்து மற்றொன்றுக்கு நோயாளரை மாற்றவே பயன்பட்டன. வீதியில் விழுந்தவருக்கும் வீட்டில் மயங்கியவருக்கும் முச்சக்கர வண்டியே கதியாயிருந்தது. 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இந்திய அரசாங்கத்தின் நன்கொடையுடன், மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளோடு '1990 சுவசெரிய' சேவை தொடங்கிற்று. 2018ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் அதன் விரிவாக்கம் ஆரம்பித்து வைக்கப்பட்டது. பின்னர் 297 வண்டிகளோடு ஒன்பது மாகாணங்களுக்கும் அது பரவிற்று. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் போதும், கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். வண்டியில் இருவர் வருவர்: ஒருவர் சாரதி, மற்றவர் அவசர மருத்துவப் பணியாளர்.

அப்பணியாளர் வந்து இறங்கியதும் செய்வது என்ன? நோயாளியிடம் ஓடுவதில்லை என்பதே முதலில் நாம் அறியவேண்டியது. சுற்றிலும் பார்க்கிறார். அறுந்த மின்கம்பி உண்டா, ஓடும் வாகனங்கள் உண்டா, கசியும் எரிபொருள் உண்டா என்று நோக்குகிறார். காப்பாற்ற வந்தவரே விழுந்துவிட்டால் காப்பாற்றவேண்டியவர் இருவராகிவிடுவர் அன்றோ? அடுத்து, நோயாளியின் தோளைத் தட்டி அழைத்து, நினைவு உண்டா என்று அறிகிறார். பின்னர் மூன்றை வரிசையாகப் பார்க்கிறார்: மூச்சு செல்லும் வழி திறந்திருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா, இரத்தம் ஓடுகிறதா, வெளியே பாய்கிறதா. நினைவிழந்தவரின் நாக்கு பின்னே சரிந்து மூச்சுவழியை அடைத்துவிடும். தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து நாடியை உயர்த்தினால் அவ்வழி திறக்கும். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்ற ஐயம் உண்டானால் தலையைச் சாய்க்காமல், கீழ்த்தாடையை மட்டும் முன்னே தள்ளித் திறப்பர். ஒரு விரற்கடை வேறுபாடு. ஆனால் அதில் ஒரு மனிதனின் நடை அடங்கியிருக்கிறது.

மின்னதிர்ச்சிக் கருவி, ஒட்சிசன், காயம் கட்டும் துணி, முறிந்த உறுப்பை அசையாமல் நிறுத்தும் பட்டை, கழுத்துப் பட்டி, தூக்குப் படுக்கை ஆகிய கருவிகள் இத்தொழிலுக்கு வேண்டியவை. அவற்றைப் பயன்படுத்தக் கற்பது பயிற்சியின் ஒரு பகுதியே. எங்கே நிற்கவேண்டும், எங்கே ஓடவேண்டும் என்று தெரிவதே இத்தொழிலின் உயிர்நிலை.

இதனை நான் கண்ணாரக் கண்டேன். 2021ஆம் ஆண்டில் எங்கள் பாடசாலையில், நீரிழிவு நோயுடைய ஆசிரியர் ஒருவர் வகுப்பறையிலேயே மயங்கி விழுந்தார். உடல் வியர்த்துக் குளிர்ந்திருந்தது. 1990ஐ அழைத்தோம். வந்து இறங்கிய பணியாளர் ஓர் இளம் பெண். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். ஒருவர் சோடாப் போத்தலுடன் நின்றார். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்று தடுத்தார். விரல்நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். சீனியின் அளவு மிகத் தாழ்ந்திருந்தது. தொலைபேசியில் வைத்தியரோடு பேசினார். நரம்பில் ஊசி ஏற்ற ஆயத்தஞ் செய்தார். கூடியிருந்தோருக்குப் பொறுமை இல்லை. எங்களில் மூத்த ஒருவர், "தங்கச்சி, ஏன் மினக்கெடுறீங்கள்? கெதியா ஏத்துங்கோ" என்று அதட்டினார். அப்பெண் தலை நிமிராமலே, "கொஞ்சம் பொறுங்கோ, ஐயா. மருந்து இஞ்ச நிக்குது, ஆஸ்பத்திரி அங்க இருக்குது" என்றார். சில நிமிடங்களில் ஆசிரியர் கண் திறந்து, தமக்கு என்ன நேர்ந்தது என்று வினவினார். அதன் பின்னரே வண்டியில் ஏற்றினார்கள். பதினெட்டு ஆண்டுகளாக என் நெஞ்சில் கிடந்த கேள்வி ஒன்றுக்கு அன்று எனக்கு விடை கிடைத்தது.

இரத்தத்தில் சீனி குறைந்தவருக்கும், இதயம் நின்றவருக்கும், மூச்சுவழி அடைத்தவருக்கும் கிடக்கும் இடத்திலேயே சிகிச்சை தொடங்கவேண்டும். இதயம் நின்று நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை சிதையத் தொடங்கிவிடும். எந்த வண்டியும் அதனை ஓடி முந்த முடியாது. வயிற்றினுள்ளே இரத்தம் கசிபவரின் நிலையோ வேறு. அக்கசிவை நிறுத்தச் சத்திரவைத்தியரின் கத்தியே வேண்டும். வீதியோரத்தில் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நட்டம். பக்கவாதம் வந்தவருக்கும் அவ்வாறே. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை சோர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை தோன்றினால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் உண்டு. இவ்வேறுபாட்டை, அழுகையும் கூக்குரலும் சூழ்ந்த இடத்தில், சில கணங்களில் அறிந்து தீர்மானிக்கவேண்டியவர் அப்பணியாளர். வைத்தியசாலை வைத்தியருக்கு விளக்கு உண்டு, மேசை உண்டு, துணைக்குத் தாதியர் உண்டு. இவருக்கு மழை பெய்யும் வீதியும் ஒரு பையும் சாரதியின் துணையுமே உண்டு.

இத்தொழிலின் பாரம் வேறும் உண்டு. நோயாளியை வாசலில் ஒப்படைத்து, கண்டதையும் செய்ததையும் சொல்லி எழுதிக் கொடுத்ததும் அவருடைய பணி முடிந்துவிடும். பிழைத்தாரா இல்லையா என்பதை அவர் பெரும்பாலும் அறிவதில்லை. நன்றி கூறும் உறவினர் வைத்தியரைத் தேடுவரேயன்றி, இவரைத் தேடுவதில்லை. தாமதமாயிற்று என்று வசை கேட்பவர் மட்டும் இவரே. அத்தாமதத்துக்குப் பல வேளைகளில் நாமே காரணர். வழிவிடாத வாகனம், விளையாட்டுக்காகக் கொடுக்கும் பொய் அழைப்பு, இடத்தைச் சொல்லத் தெரியாத பதற்றம் ஆகிய மூன்றும் நம்முடையவை.

ஆகையால், நேயர்களே, வண்டி வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள் நமக்குரியவை. அவற்றில் நாம் செய்யவேண்டியன சிலவே. அழைக்கும்போது முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: ஊர், வீதி, அருகிலுள்ள கோயில், பாடசாலை, சந்தி. பின்னர் நேர்ந்ததைச் சொல்லுங்கள். கேட்பவர் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். ஒருவரைச் சந்திக்கு அனுப்பி வண்டிக்கு வழி காட்டச் செய்யுங்கள். இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். நினைவில்லாதவருக்கு நீரும் கொடாதீர்கள். பாம்பு கடித்தவரின் கடிவாயை அறுக்கவும் வேண்டாம், இறுகக் கட்டவும் வேண்டாம்; கடியுண்ட உறுப்பை அசைக்காமல் வைத்திருங்கள். உயரத்திலிருந்து விழுந்தவரையும் வாகனத்தில் அடிபட்டவரையும், நெருப்போ வெள்ளமோ ஓடும் வாகனமோ அச்சுறுத்தினாலன்றி, தூக்காதீர்கள். தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, அருகில் இருந்து பேசுங்கள்.

நினைவும் இயல்பான மூச்சும் இல்லாதவராயின், அழைப்பை எடுத்தவுடனே, மார்பின் நடுவில் ஒரு கைமேல் மறு கை வைத்து, வளர்ந்தவராயின் இரண்டு அங்குல ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்துங்கள். களைத்தால் மற்றொருவர் தொடரட்டும். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள். இதனைக் கேட்டறிவது போதாது, கையால் பழகவேண்டும். எங்கள் பாடசாலையில் மேல் வகுப்பு மாணவருக்கு ஆண்டுதோறும் இப்பயிற்சியை ஒழுங்கு செய்கிறோம். ஒவ்வொரு பாடசாலையும், ஒவ்வொரு சனசமூக நிலையமும் இதனைச் செய்யலாம். பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

மரத்திலிருந்து விழுந்த அம்மாணவன் இன்று தன் ஊரில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலை செய்கிறான். வானொலியில் இப்பொருள் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொல்லி அவனுடைய அனுமதியைக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "சொல்லுங்கோ, சேர். பேரை மட்டும் சொல்லாதேங்கோ" என்றான். நான் புறப்படும் வேளையில் மீண்டும் அழைத்து, "கால் நோகுது எண்டு சொன்னால் தூக்கவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ" என்றான்.

சொல்லிவிட்டேன்.